ஏழு சதவீதக் கோபம்

எங்கள் ஊரில் கோபத்தை அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டு வைக்கலாம். பத்து வருஷத்துக்கு எடுக்க முடியாது. நூற்றுக்கு ஏழு வட்டி, ஆனியில் பாதி மார்கழியில் பாதி என்று வந்துவிடும். தவணை முடிந்ததும் போட்ட கோபம் போட்டபடியே, ஒரு குந்துமணி குறையாமல் கைக்கு வரும். நடுவில் அரசாங்கம் அதை வைத்து என்ன செய்கிறது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அணையில் மதகு தூக்க என்பார்கள் சிலர். ரோடு போடுகிற உருளைகள் அதில்தான் ஓடுகின்றன என்பார்கள் சிலர். எனக்கு அதில் அக்கறை இல்லை. கடன் வாங்கினவன் எப்படிச் செலவழித்தால் என்ன, திருப்பித் தருகிறவனா என்பதுதான் கேள்வி.

நான் ஈரோட்டில் பழைய வீட்டுச் சாமான் வியாபாரி. இடிக்கப்போகிற வீட்டை மொத்தமாக விலை பேசி வாங்கி, நிலை, கதவு, சன்னல், உத்தரம் என்று பிரித்து விற்பது. இந்தத் தொழிலுக்கு மூலதனம் கோபம்தான். தலைச்சுமையாகக் கதவு தூக்கிய காலத்தில் அடிபட்டுக் கற்றது இது: விலை சொல்கிறவன் வாயைத் திறக்கும்போதே நாம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட வேண்டும். பாதி விலை அங்கேயே இறங்கிவிடும்.

டாக்டர்தான் சொன்னார். "இவ்வளவு கோபத்தைக் கையிலேயே வெச்சுக்கிட்டுத் திரியாதீங்க. எங்கயாவது பத்திரமாப் போட்டு வைங்க."

எங்கே போடுவது என்று ஊரெல்லாம் விசாரித்தேன். பக்கத்துக் கடை நாச்சிமுத்து தன் கோபத்தைப் பங்குச் சந்தையில் போட்டிருந்தான். காலையில் சந்தை திறந்ததும் ஏறும், மதியம் சரியும். ஏறின அன்றைக்கு லாரியை மறித்து டிரைவரைக் கீழே இறக்குவான். விழுந்த அன்றைக்கு அதே டிரைவர் வந்து அவன் பெஞ்சில் படுத்துத் தூங்குவார். மாலையில் சந்தை மூடிவிட்டால் அவனிடம் ஒன்றும் இருக்காது. ரைஸ்மில் காளியண்ணனோ, நூற்றுக்கு இருபது தருகிறோம் என்ற ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். ஒருநாள் காலையில் ஷட்டர் இறங்கியிருந்தது. போட்டவர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "தொந்தரவுக்கு மன்னிக்கணும்ங்க, எங்க கோபத்தைக் காணோம்ங்க" என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரமில்லை என்கிறார்கள்.

அரசாங்கம் ஓடாது. ஓடினாலும் எங்கே போய்விடும்?

கருவூலத்தில் அந்தப் பிரிவை ரெஜினா என்றொரு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழுதானா? எட்டுப் போட்டுக் குடுங்கம்மா. மொத்தமாப் போடறேன்" என்றேன்.

"வட்டி நாங்க வெக்கறதில்லைங்க. டெல்லியில வெக்கறது."

"டெல்லிக்காரனைக் கூப்பிடுங்க. நான் பேசிக்கறேன்."

"எட்டு கிடையாதுங்க."

வேட்டியை மடித்துக் கட்டினேன். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. நாற்காலி ஒன்று சுவரோரம் போய் விழுந்தது. ரெஜினா அம்மாள் மேஜைமேல் இருந்த தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை அது நடக்கும்போதுதான் நிறுக்க முடியும். டெல்லி வரைக்கும் ஒருவர் விடாமல் நான் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தராசுத் தட்டிலிருந்த ஜாடிக்கு மூடியைப் போட்டு இறுக்கித் திருகினார்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குதும்மா" என்றேன். "ஏழே போதும்." நாற்காலியை எடுத்து இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

தூக்கம் நன்றாக வந்தது. வியாபாரம்தான் படுத்தது. இரட்டைத் தேக்குக் கதவு ஒன்றை ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். "கட்டி வைக்கட்டுங்களா, இல்ல அப்படியே எடுத்துக்கறீங்களா?" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

"நம்ம வாசக் கதவையும் கழட்டிக் கூடவே குடுத்து விட்டிருக்கலாமில்லைங்க?" என்றாள் என் மனைவி துளசிமணி.

ஆனால் நான் பேரத்தில் தின்று வளர்ந்தவன். வட்டி வரும் நாளைப் பார்த்துத் தொழிலைத் திருப்பிக்கொண்டேன். பெரிய வீடுகளை ஆனியிலும் மார்கழியிலும் மட்டுமே விலை பேசுவது. தபால்காரர் கொடுத்த உறையைக் கிழிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். எதிராளி விலை சொல்கிறபோது கிழிப்பேன். உள்ளே இருக்கிற வட்டிக் கோபம் ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்துக்கு வரும். அதற்குள் முடித்துவிட வேண்டும். இழுத்துப் பேசுகிற ஆளிடம் மாட்டினால் பாதியிலேயே தீர்ந்துபோய், "நீங்க பாத்துச் சொல்றதுதானுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். இருந்தாலும் வண்டி ஓடியது. வட்டியில் வாழ்கிறவன் அதிகம் ஆசைப்படக் கூடாது.

ஐப்பசியில் அந்தியூரிலிருந்து தங்கை மயிலாத்தாள் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் இறந்து கருமாதி முடிந்திருந்தது. கூட்டு வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு அறையும் ஒரு சமையலறையும் அவர்களுடையவை. சமையலறை அவர்களே கட்டியது. அவள் கொழுந்தன்களும் மூத்தாரும், அதாவது சென்னியப்பனின் அண்ணன் அர்த்தநாரியும், தனிப் பொம்பளைக்கு எதற்கு இரண்டு கட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகட்டும் என்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை வந்து கேக்கோணும் அண்ணா."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. புருஷன் போன பிறகு பெண்ணுக்குப் பாத்தியம் பேசும்போது பிறந்த வீட்டார் வந்து 'கேட்க' வேண்டும். கேட்பது என்றால் சத்தம் போடுவது. அண்ணன்காரன் சத்தம் போட்டால் பாதி நியாயம் கிடைக்கும். சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தால், கேட்க நாதியில்லை என்று அர்த்தம். அன்றைக்கே பூட்டு விழும்.

"என் கோபம் பத்திரத்துல இருக்குதே மயிலு."

"தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிட்டு வா."

ரெஜினா அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவில் எடுக்க விதியில்லை. வட்டிக்கு இன்னும் மார்கழி வரவேண்டும். "அவசரம்னா சந்தையில வித்துக்கலாம்ங்க" என்று பின்பக்கம் கை காட்டினார்.

கருவூலத்துக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிப் பத்திரச் சந்தை நடக்கிறது. மாட்டுச் சந்தை போலத்தான். தரகர் ஜெகதீசன் தோளில் துண்டுடன் நின்றிருந்தார். துளசிமணியும் என்னோடு வந்திருந்தாள்.

"ஏழுக்காரங்களா?" என்றார் ஜெகதீசன். "புதுப் பத்திரத்துக்கு எட்டரை போட்டுட்டாங்கண்ணா. உங்களுதை இப்ப யாரு சீந்தறாங்க? நூறு கோபத்துக்கு எம்பது வந்தா எடுத்துட்டுப் போயிருங்க."

ஒரு ஆள் இருந்தார். தங்கமுத்து வாத்தியார், பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் நிறையக் கோபம், காட்டுவதற்குப் பிள்ளைகள் இல்லை. கொடுத்துவிட்டு என் பத்திரத்தை வாங்கிக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டு தரம் வட்டியாவது வரும் என்று பார்த்தார். ஜெகதீசன் எங்கள் கைகள் மேல் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்கடியில் வாத்தியார் என் விரல்களைப் பிடித்து எண்பது என்றார். தலையாட்டினேன். எழுபது என்றார். என் விரல்கள் அதற்கும் சரி என்றன. அறுபதுக்கு வந்தபோது அவரே இரக்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

"முடிக்கறதுக்கு முன்னால ருசி பாத்துக்குங்க" என்று ஜெகதீசன் வாத்தியாரின் கோபத்தில் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டேன்.

"வரிசையில நில்லுங்கடா!" என்று என் குரல் சந்தை முழுக்கக் கேட்டது. "குள்ளமானவன் முன்னால! நகம் வெட்டினியா? கையை நீட்டு!"

சந்தை வரிசையில் நின்றது. ஜெகதீசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகத்தைக் காட்டினார்.

துளசிமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இதைக் கொண்டுபோய் அந்தியூர்ல என்ன பண்றது? அர்த்தநாரி அண்ணனுக்கு ட்ரில் எடுக்கறதா? அடுத்தவங்க கோபம் அடுத்தவங்க விஷயத்துக்குத்தானுங்க வரும். வாங்க போலாம்."

வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்மைத் திறந்து தோள்வரை கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு பழைய காப்பித்தூள் டப்பா வந்தது. பெண்கள் வீட்டுச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து, புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து வைப்பார்கள் இல்லையா, சிறுவாடு என்று. அவள் கோபத்தில் சேர்த்திருந்தாள். டப்பா நிறைய, புளியங்கொட்டை அளவில், கறுப்பாக.

"வட்டி எவ்வளவு?" என்றேன்.

"வட்டியெல்லாம் இல்லைங்க. ஆனா வேணும்ங்கற அன்னைக்குக் கையை விட்டா இருக்கும்."

ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். "மயிலு! யார் வெச்ச காப்பியைப் பாத்துடி கழனித்தண்ணின்னு சொன்னே?" என்று வந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் மயில்தான்.

"முக்காவாசி அவ குடுத்ததுதானுங்க" என்றாள் துளசிமணி. "மிச்சம் கேஸ் சிலிண்டர்காரனும் நீங்களும்."

"அவ குடுத்ததை அவளுக்கேவா செலவு பண்ணப் போறே?"

"வீட்ல ஒரு ஆபத்துன்னா எடுக்கறதுக்குத்தானே சிறுவாடு. வேற எதுக்குச் சேத்தறது?" டப்பாவைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தியூர் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் பாய் விரித்துப் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு மயில் நின்றாள். நான் உள்ளே நுழைந்ததும் என் வேட்டியைத்தான் பார்த்தாள். அது கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

அர்த்தநாரியும் நாச்சிமுத்து மாதிரி பங்குச் சந்தைக்காரர். அன்றைக்குச் சந்தை நல்ல உச்சத்தில் இருந்தது.

"வாங்க மச்சான்! எதுக்கு வந்தீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் சுவரிலிருந்து காலண்டர் விழுந்தது. "ஒரு செங்கல்லு கிடையாது! தம்பியே போயிட்டான், அப்புறம் என்ன பாத்தியம்? சாவியை வெச்சுட்டுக் கிளம்பச் சொல்லுங்க உங்க தங்கச்சியை!"

"நீங்க சொல்றதும் ஒரு ஞாயம்தானுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"அண்ணா!" என்றாள் மயில். பங்காளிகளில் ஒருவர் பூட்டையும் சாவியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அரசாங்கப் பத்திரத்தில் போட்டவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். காப்பி கேட்டேன். குடித்தேன். மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தேன். அர்த்தநாரி அதற்கும் கத்தினார். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டேன். அதற்குக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியும் விழுந்தது.

"ஒரு முடிவு சொல்லுங்க மச்சான்!"

"சொல்லாம எங்கீங்க போயிரப் போறோம்? மோர் இருந்தா ஒரு சொம்பு குடுங்க. வெயிலு."

மோர் வந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். இஞ்சி தட்டப் போனார்கள். மூத்த பங்காளி ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரண்டாவது சொம்பு பாதியில் இருக்கும்போது சந்தை மூடியது. அர்த்தநாரியின் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. முகம் கழுவி விட்டதுபோல் ஆயிற்று.

"தங்கச்சி ஒண்ணுமே சாப்பிடலையே" என்றார் துளசிமணியைப் பார்த்து. "பஜ்ஜி போடச் சொல்லட்டுமா?"

இப்படியான பேச்சில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. துளசிமணி எழுந்து கூடத்தின் நடுவில் வந்து நின்று, டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"மயிலு! என் கல்யாணத்தன்னைக்கு என்ற கூறைச் சேலையைப் பாத்து, இது கொசுவலைக்கு எடுத்ததான்னு கேட்டயே, ஞாபகம் இருக்குதாடி?"

மயில் தலையாட்டினாள்.

"என் அம்மா வீட்டுச் சீர் முறுக்கை நாய்க்குப் போட்டயே!"

"நாய் கேட்டுச்சு நங்கை" என்றாள் மயில் அண்ணியிடம்.

"வாயை மூடுடி!" சமையலறையில் ஒரு தட்டு உருண்டு விழுந்து நின்றது. தூங்கிய பங்காளி எழுந்து உட்கார்ந்தார். துளசிமணி இன்னொரு கை போட்டுக்கொண்டு அர்த்தநாரி பக்கம் திரும்பினாள். "பாத்துக்குங்க அண்ணா. இத்தனையும் நான் இவளைக் கேக்கறதுக்குன்னு சேத்து வெச்சது. இன்னும் பாதி டப்பா இருக்குது. இவளைக் கேக்கணும்னா இவளுக்குன்னு ஒரு வாசப்படி வேணுமா வேண்டாமா? நான் வாசல்ல நின்னு சத்தம் போடோணும். இவ உள்ள இருந்து இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வந்து பதில் சொல்லோணும். நீங்க இவளைக் கொண்டாந்து என் வீட்டு மூலையில உக்கார வெச்சுட்டீங்கன்னா, என் சோத்தைத் தின்னுட்டுத் தலையைக் குனிஞ்சுட்டு இருக்கறவளை நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திட்டறது? என்ற ஆயுசுச் சிறுவாடு செல்லாக் காசாப் போகோணுமா? சொல்லுங்க! இவளைப் பேசறதுக்கு நான் ஒருத்தி இருக்கறேன். நீங்கெல்லாம் யாரு?"

மயில் அழுதுகொண்டே இடுப்பில் கையை வைத்தாள்.

"அந்தப் புள்ளை கேக்கறதுல ஞாயம் இருக்குதப்பா" என்றார் தூங்கி எழுந்த பங்காளி. "திட்டறதுக்கு ஒரு வாசல் வேணுமில்ல."

"ஞாயந்தான்" என்றார் அர்த்தநாரி தரையைப் பார்த்துக்கொண்டு. "இருந்தாலும் திங்கக்கிழமை காலையில உக்காந்து பேசிக்கலாமே தங்கச்சி."

நான் சொம்பைக் கீழே வைத்தேன். இது பேரம். இது எனக்குத் தெரியும். "நாளைக்கும் நாளன்னைக்கும் சந்தை லீவுதானுங்களே மாப்பிள்ளை. மனசு அமைதியா இருக்கறப்பவே முடிச்சுக்கலாம்ங்க" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மறுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அறையும் சமையலறையும் மயிலாத்தாளுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மடியில் வைத்திருந்த பூட்டைப் பங்காளி மயிலிடமே கொடுத்துவிட்டு, பஜ்ஜி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பஜ்ஜி சாப்பிட்டுக் கை கழுவும்போது மயில், "திங்கக்கிழமை சந்தை திறந்தா மாமா மறுபடியும் ஏறிக்குவாருங்க நங்கை. இங்க எப்படி இருக்கறது?" என்றாள்.

"இங்க எதுக்கு இருக்கறே? எடுத்துட்டு எங்களோட வந்திரு. நம்ம கடைக்குப் பின்னால இடம் சும்மாதானே கிடக்குது."

"திட்டறதுக்குப் பக்கமா இருக்கும்ங்கறீங்க."

"பஸ்ஸுச் செலவு மிச்சம்டி."

மயில் சாமி படத்தையும் உப்பு ஜாடியையும் எடுத்துக்கொண்டாள். அறையும் சமையலறையும் கூட்டு வீட்டுச் சுவரிலிருந்து விலகி எங்கள் பின்னால் வந்தன. பஸ் ஸ்டாண்டில் ஈரோட்டு வண்டி புறப்படத் தயாராக நின்றது. அறை பின்படியில் ஏறிக் கடைசி சீட்டில் சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் எங்கள் மூன்று பேருக்கும் அறைக்கும் முழு டிக்கெட் கிழித்துவிட்டு, படியில் நின்ற சமையலறையைப் பார்த்தார்.

அவர் கேட்ட காசை எடுக்க நான் பையில் கை விட்டேன். மயில் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கு எதுக்குங்க முழு டிக்கெட்? அது போன வருசம் கட்டினது. கைப்புள்ள!"

"வயசு தெரியாதுங்கம்மா. உயரம்தான் கணக்கு" என்று கண்டக்டர் கதவோரக் கம்பியில் பெயிண்ட் அடித்திருந்த கோட்டைக் காட்டினார். "இதுக்குக் கீழ இருந்தாத்தான்."

சமையலறை கம்பியை ஒட்டி நின்று, புகைபோக்கியைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டது.

"அரை டிக்கெட்" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.